பீரோவைப் பூட்டுங்கள், பட்டியலைப் பூட்டாதீர்கள்

ஊர் வீடுகளிலிருந்து வந்த பழைய சுவடி, காகிதச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்கிற குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். யார் எழுந்து என்ன பேசினார்கள் என்று திரும்ப எழுதப் போவதில்லை. "சேகரிப்பின் பட்டியல் இனி பொதுவில் இருக்காது, தேவைப்படுகிறவர்கள் எழுத்து மூலம் விண்ணப்பித்தால் குழு பரிசீலிக்கும்" என்று கடைசியில் வாசித்தார்களே, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒன்றைக் கவனியுங்கள். பூட்டியது பட்டியலை. ஓலைச்சுவடி, நாடக நோட்டீஸ், பழைய பத்திரம், புகைப்படம், பாட்டுப் புத்தகம் எல்லாம் ஏற்கெனவே பீரோவுக்குள் பூட்டித்தான் இருக்கின்றன. அதை யாரும் எதிர்க்கவில்லை, நானும் எதிர்க்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஓலையை எடுத்துப் புரட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற பட்டியலை எதற்காக மறைக்க வேண்டும்? என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதுவார்? இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டேன். பதில் வரவில்லை. இன்றைக்கும் கேட்கிறேன்.

பட்டியல் என்றால் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டுகிற வேலை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு நாடக நோட்டீஸ் கைக்கு வருகிறது. மஞ்சளாகி, மடிப்பில் பாதி அறுந்திருக்கிறது. ஆங்கிலத் தேதி கிடையாது. "பிலவ வருஷம் சித்திரை மாதம்" என்று மட்டும் இருக்கிறது. பிலவ அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெயர். இது 1901ஆ, 1961ஆ? டிக்கெட் விலையைத் தேட வேண்டும். நயா பைசா என்று இருந்தால் வேலை முடிந்தது. அந்தப் பெயர் 1957 ஏப்ரலில் வந்து 1964 ஜூனில் போய்விட்டது, ஆகவே 1961. விலை இருந்த மூலை கிழிந்து போயிருக்கிறதா? அப்படியானால் ஓரத்தில் "ஒலிபெருக்கி வசதி உண்டு" என்று எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது 1901 இல்லை. ஆறு இலக்க பின்கோடு இருக்கிற காகிதம் 1972 ஆகஸ்ட்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. "சென்னை மாநிலம்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முந்தையது. தும்பிக்கை வைத்த பழைய ணை, லை எழுத்துகளைப் பார்த்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று நினைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது, பழைய அச்சை வைத்துக்கொண்டு பல அச்சகங்கள் பிறகும் ஓட்டின. ஒரே ஒரு நோட்டீஸுக்கு இவ்வளவு. இதைச் செய்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, வெள்ளிமீன் பூச்சி தின்ற பக்கத்தை விரலால் தொடாமல் காகிதத்தால் தூக்கித் திருப்பி, ஒவ்வொன்றாக எழுதினார்கள். கூட்டத்தில் அவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர், "விளம்பரம் தேடுகிறவர்கள்."

பரவாயில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் தொகுப்பில் ஒரு புகைப்படம் உண்டு. பதிமூன்று பெண்கள், மூன்று வரிசை, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் ஒரு தையல் இயந்திரம். பின்னால் எழுத்து ஒன்றும் இல்லை. "பெண்கள் குழு, தையல் வகுப்பாக இருக்கலாம், இடம் தெரியவில்லை, ஆண்டு தெரியவில்லை" என்றுதான் பட்டியலில் ஏறியது. பக்கத்தில் சின்னதாகப் படத்தையும் வைத்தோம். கொஞ்ச நாள் கழித்து முன்பின் தெரியாத ஒரு பையன் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அவன் பாட்டி பேசியிருந்தார். "தையல் வகுப்பு இல்லம்மா அது. மாதர் சங்கத்துக்கு மிஷின் வந்த அன்னிக்கு எடுத்தது. மிஷினை ஓட்ட எங்க யாருக்கும் தெரியாது, போட்டோவுக்காக நடுவுல வெச்சாங்க" என்று ஆரம்பித்து, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். கோடி வீட்டுப் பெரியம்மா, டீச்சரம்மா, டீச்சரம்மாவின் நாத்தனார், பிரசவம் பார்க்கிற அம்மா. ஓர் இடத்தில் நிறுத்தி, "இவ பேரு நாக்கு நுனியில இருக்கு, இரு, வரும்" என்றார். வந்தது. பதிமூன்றில் பதினொரு பேருக்குப் பெயர் கிடைத்தது.

இந்தப் பாட்டி எந்த விண்ணப்பத்தை எழுதியிருப்பார்? எந்தக் குழு பரிசீலித்திருக்கும்? தன் படம் ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பட்டியல் அவரைத் தேடிப் போனது, அதனால் அவர் பேசினார். பட்டியலைத் திறந்து வைப்பது ஊருக்கு நாம் செய்கிற தயவு என்று மேடையில் பேசினார்கள். பட்டியலைத் திருத்தித் தருவதே ஊர்தான். அதை மூடினால் "தெரியவில்லை" என்று எழுதி வைத்த இடமெல்லாம் கடைசிவரை "தெரியவில்லை" என்றே கிடக்கும்.

"வெளியே தெரிந்தால் திருடிவிடுவார்கள்" என்கிறார்கள். அதிகம் கைதட்டு வாங்கிய வாதம் இதுதான். எனக்கு அதிகம் கோபம் வந்ததும் இதனால்தான். ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையை மறந்துவிட்டோமா? அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடு போன அந்தச் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது. 2014ல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. அது நம் கோயில் சிலைதான் என்று காட்ட உதவியவற்றில் முக்கியமானவை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னமே எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த படங்கள். படம் இல்லையென்றால், "இது எங்களுடையது" என்று எதைக் காட்டிக் கேட்டிருப்போம்? பதிவாகாத பொருள் காணாமல் போனால், காணாமல் போனதே யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் படத்தோடு பார்த்துவிட்ட ஒரு சுவடியை எந்த வியாபாரி தைரியமாக விற்பார்? திருட்டுக்குப் பயப்படுகிறவர்கள்தான் பட்டியலை முதலில் கேட்க வேண்டும்.

"குடும்ப விஷயங்கள் இருக்கின்றன" என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். இதை நான் தள்ளிவிடவில்லை. பழைய பத்திரங்களிலும் கடிதங்களிலும் யார் யாருக்கு அடிமைப்பட்டார்கள், யார் எந்தச் சாதிப் பெயரால் இழிவாக அழைக்கப்பட்டார்கள், எந்த வீட்டில் எந்தச் சண்டை என்றெல்லாம் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். அதை அப்படியே படமெடுத்து எல்லோர் முன்னும் வைப்பது கொடுமை. இதற்கு வழி இருக்கிறது. "குடும்பக் கடிதம், இன்ன காலம், படம் பொதுவில் இல்லை" என்று ஒரு வரி எழுதலாம். சம்பந்தப்பட்ட குடும்பத்தைக் கேட்கலாம். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வரியையும் சுருக்கலாம். பதிப்புரிமையும் இதே மாதிரிதான். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுவரை உரிமை அவர் குடும்பத்துக்கு. அந்தக் கெடுவுக்குள் இருக்கிற புத்தகத்தின் பக்கங்களைப் போடாதீர்கள். புத்தகத்தின் பெயரைப் பட்டியலில் எழுத யார் அனுமதியும் வேண்டாம். ஒருசில பொருள்களுக்கான கட்டுப்பாட்டைக் காட்டி மொத்தப் பட்டியலையும் எடுத்துவிட்டார்களே, அது என்ன நியாயம்?

"முறையாகப் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை" என்றும் சொன்னார்கள். சரி, வரட்டும், வாசலில் நின்று வரவேற்கிறேன். இத்தனை காலம் யார் தடுத்தார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். யாருடைய அனுமதிக்கும் அவர் காத்திருக்கவில்லை. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் பழைய பேப்பருக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், முறையாகப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எங்கெங்கோ இருந்து ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். சேர்த்தது ஓர் ஓவியர், வரிசைப்படுத்தியது படித்தவர்கள். இரண்டு தரப்பும் வேண்டும். ஒரு தரப்பை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு தரப்பு வரும்வரை கதவைச் சாத்திவைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை அதற்கு விளக்கமாகக் காட்டினார். அந்தச் சங்கிலிக்கும் ஒரு நியாயம் இருந்தது. புத்தகம் அபூர்வம், தொலைந்தால் கிடைக்காது. ஆனால் சங்கிலி போட்டவர்கள்கூட புத்தகம் அங்கே இருப்பதை மறைக்கவில்லை. வந்தவர் நின்றபடியாவது படித்துவிட்டுப் போனார்.

"யார் இதையெல்லாம் கேட்டார்கள்" என்று ஒரு பின்னூட்டம் வந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்கு வலித்தது எது என்று சொல்லிவிடுகிறேன். பட்டியலின் முதல் பக்கத்தில் வேலை செய்த பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. பட்டியலைப் பொதுவிலிருந்து எடுப்பதற்கு முன்பே அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் ஒரு பெண் ஓலையில் கிரந்த எழுத்தை வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவள். எழுத்து மங்கின ஓலையில் மைக்கரியும் எண்ணெயும் எப்படித் தடவ வேண்டும், எங்கே தடவக் கூடாது என்று ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தவள். கூட்டம் முடிந்ததும் என்னிடம், "அக்கா, நாம என்ன தப்பு பண்ணோம்?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை யாராவது தன்னார்வலர்கள் வேண்டும் என்று கூப்பிட்டால் அவள் வருவாளா? இளைஞர்களுக்குப் பழமையில் ஆர்வமே இல்லை என்று அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில்தான் பேசுவார்கள்.

1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. நெருப்பு வைத்தவர்கள்மேல் உள்ள கோபம் நமக்கு ஒருநாளும் தீராது. ஆனால் அந்த இழப்பை அனுபவித்த சமூகம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2005ல் "நூலகம்" என்ற பெயரில் ஓர் இணைய நூலகத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பள்ளி மலர், கோயில் மலர், நினைவு மலர், சிற்றிதழ் என்று ஈழத்து அச்சுக் காகிதம் எது கிடைத்தாலும் ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். இறந்தவருக்காக அச்சிட்ட சின்ன நினைவு மலர்கூட அங்கே பட்டியலில் இருக்கிறது. எரிந்துபோன நூலகத்தைப் பார்த்தவர்கள் திறந்து வைக்கிறார்கள். ஒன்றும் எரியாத நாம் மூடி வைக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குழுவில் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிலர் தங்கள் சொந்தப் பணத்தில் பீரோ வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தக் காகிதங்கள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி இருக்கிறது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. காப்பாற்றியவர்களுக்கே சொந்தம் என்றால், கொடுத்தவர்கள் யார்? வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள், "எல்லோரும் பார்க்கட்டும்" என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?

அந்தப் பாட்டி நேற்று மறுபடியும் பேரனை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறார், "அந்தப் படத்தைக் காணோமே, எங்கம்மா போச்சு?" என்று. இரண்டு பெயர் பாக்கி இருக்கிறது. அவருக்கு நான் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவேன். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டு இல்லை. பட்டியலை மறுபடியும் பொதுவில் வைக்கச் சொல்லி, குடும்பக் காகிதங்களுக்கு என்ன விதி வைக்கலாம் என்று எழுதி, பிள்ளைகளின் பெயர்களைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பொருள் கொடுத்த குடும்பத்தினர் முதலில் வந்தால் நல்லது.