கார்புரேட்டரைத் திட்டாதீங்க, பம்ப்பைப் பாருங்க!

இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும்) வண்டியை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய பாணிக் கார்புரேட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குகிறார்கள். டேங்க்குக்குள் இருக்கும் பழைய பம்ப்பைத் தொடுவதே இல்லை! பானெட்டுக்குள், பிரஷரைக் குறைக்க, மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் இல்லாத மலிவு ரெகுலேட்டரைச் சொருகிவிட்டு, "முடிஞ்சது அண்ணே" என்று சாவியை நீட்டுகிறார்கள். வயிறு எரிகிறது.

அந்தப் பம்ப் 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை தள்ளும். வெபர் கார்புரேட்டருக்குச் சுமார் 3 பிஎஸ்ஐ போதும், ஹாலி கார்புரேட்டருக்கு 5 முதல் 7. கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது மிதவை அழுத்தும் ஒரு சின்ன நீடில் வால்வு. ரெகுலேட்டரைத் தாண்டிப் பிரஷர் ஏறினால் அது திறந்துகொள்ளும். பெட்ரோல் மானிஃபோல்டில் (எஞ்சினுக்குள் போகும் குழாயில்) வழியும், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும், கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும். சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டினால் தீதான். கடைசியில் "கார்புரேட்டர் சரியில்லை, புதுசு வாங்குங்க" என்பார்கள்!

ரிட்டர்ன் உள்ள ரெகுலேட்டர் போட்டாலும் அதே பம்ப் என்றால் தீராது. அது தள்ளும் அளவுக்கு 6 மி.மீ. ரிட்டர்ன் குழாய் போதாது, பிரஷர் வேண்டிய அளவுக்கு இறங்காது. பெட்ரோல் சுற்றிச் சுற்றிச் சூடேறும். நம்ம சிங்கப்பூர் வெயிலில், பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

பழைய பம்ப்பைக் கழற்றி எறியுங்கள். அதை லைனிலேயே விட்டு அடுத்த பம்ப்பை மாட்டினால், ஓடாத பம்ப்பே அடைப்பாகி ஆர்பிஎம் ஏறும்போது பெட்ரோல் போதாது. பழைய பம்ப் இருந்த இடத்தில் பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கத் தகுந்த ஜே30ஆர்10 தர ஹோஸ் போடுங்கள், சாதா ஹோஸ் ஊறிக் கரையும். புதிய லோ பிரஷர் பம்ப் டேங்க் பக்கத்தில், டேங்க்கைவிடத் தாழ்வாக இருக்கட்டும். அதற்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்ச வராது.

இன்னொன்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எஞ்சின் நின்றால் பம்ப்பை நிறுத்திக்கொண்டிருந்தது ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர். அதைத் தூக்கிவிட்டு இக்னிஷனில் நேரடியாக வயரைக் கொடுத்தால், மோதிக் கிடக்கிற வண்டியிலும் பம்ப் ஓடும். ரிலேயோடு, எஞ்சின் நின்றால் பம்ப்பை அணைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச், வண்டி மோதினால் அணைக்கும் இனர்ஷியா சுவிட்ச் இரண்டும் கட்டாயம் வேண்டும்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் உண்டா என்பதை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். சிஓஇக்கு (வாகன உரிமைச் சான்றிதழுக்கு) காசைக் கொட்டிய வண்டி அது. ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பிரஷர் கேஜ் மாட்டி, ஐடிலிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் முள் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள்.