மேடையில் பேச ஸ்டேஷன் வேண்டும், ஏறிப்போக ரயில் வேண்டாமா?

வயிறு எரிகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு இப்போது கூரை இல்லை. கதவு, தண்ணீர்க் குழாய், மேலே ஓடிய மின்கம்பி எல்லாம் போயாச்சு. டிக்கெட் கொடுத்த அறைக்குள் ஆள் உயரத்துக்குப் புல். கடைசியாகப் பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் எப்போது வரும் என்று கேட்டால் "சீக்கிரம்" என்கிறார்கள். எத்தனை காலமாக இந்தச் சீக்கிரம்?

2020 ஊரடங்கில் ரயிலை நிறுத்தினார்கள். சரி, நோய்க்காலம். ஆனால் ஸ்டேஷனுக்கு ஒரு காவல்காரர்கூட இல்லாமல் விட்டது யார்? செம்புக்கம்பி ஒரே ராத்திரியில் காணாமல் போகவில்லை. இன்று கம்பி, நாளை கதவு, அடுத்த வாரம் ஓடு என்று ஊரே பார்க்கப் போனது. புகார் எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பல இடங்களில் தண்டவாளங்களை அரித்தது. வெள்ளத்தை யாரும் தடுத்திருக்க முடியாதுதான். அதற்கு முன்பே எங்கள் ஸ்டேஷனைச் சாகவிட்டிருந்தார்களே, அதற்கு என்ன பதில்?

இந்தப் பாதையில் யாருடைய வியர்வை விழுந்தது என்று நினைத்தால் ஆத்திரம் இன்னும் ஏறுகிறது. நாட்டின் முதல் ரயில் டர்பனில் ஓடியது 1860 ஜூனில். அதே வருஷம் நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து நம் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ வந்து சேர்ந்தது. கரும்பு வெட்டப் போனவர்கள் போக, பின்னால் நட்டால் அரசு ரயில்வேயிலும் நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். 1879-இல் பாதை டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் ஊர் வரை வந்தது.

எங்கள் ஆயா விடியற்காலை ரயிலில் மிளகாய், கீரைக்கட்டு, சேப்பங்கிழங்கு மாதிரியான மடும்பிக் கிழங்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு டர்பனில் வார்விக் அவென்யூ காலைச் சந்தைக்குப் போவார். கூடை எத்தனை பெரிதானாலும் பெட்டியில் இடம் இருந்தது. இன்று டாக்ஸி என்கிற ஷேர் வேன்தான் கதி. ஆள் நிரம்பாமல் அது கிளம்பாது. கூடை ஏற்றினால் அதற்கும் ஒரு ஆள் காசு. டர்பனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு இன்னொரு டாக்ஸி பிடிக்க வேண்டும். முதியோர் உதவிப்பணம் வண்டிக்கூலியிலேயே கரைகிறது. டாக்ஸிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் இல்லையென்றால் நாங்கள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

நிறவெறிக் காலத்தில் தனிப் பெட்டி, தனி வாசல் என்று ஒதுக்கினார்கள். அந்த அவமானத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்தச் சட்டங்கள் போனபிறகு எந்தப் பெட்டியிலும் ஏறலாம் என்று ஆனது. ஏறுவதற்கு ரயிலைக் காணோம்!

1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை இறக்கிவிட்டதைப் பற்றி நம் விழா மேடைகளில் பேசாதவர் இல்லை. பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். 1904-இல் அவர் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருப்பதும் இதே வடக்குப் பக்கத்தில்தான். ஸ்டேஷனில் இறங்கி இரண்டரை மைல் நடந்துதான் அங்கே போவார்கள். அந்த மேடையில் மாலை வாங்கிக்கொள்ளும் ஒருவராவது, இன்று விடியுமுன் ரோட்டோரம் டாக்ஸிக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பற்றி வாய் திறந்திருக்கிறாரா?

உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோவில் திருவிழாவுக்கு நன்கொடை வேண்டாம், தீபாவளி வாழ்த்து வேண்டாம். எங்கள் ஸ்டேஷனில் முதல் ரயில் எந்தத் தேதியில் நிற்கும், அதுவரை அங்கே யார் காவல் இருப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் எங்கள் வாசலில் நிற்காதீர்கள்.