குழந்தை அழுதால் கேக்கை நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போட்ட ஐந்து வரிப் பதிவை நீங்கள் எல்லாரும் படித்துவிட்டீர்கள். படிக்காதவர்களுக்கும் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப் வரைக்கும் போய்விட்டது. மூன்று நாளாகப் போன் அடித்தாலே எனக்குப் பக்கென்று இருக்கிறது. பதிவை எடுத்துவிடு என்று பெரியம்மா சொன்னார், சித்தப்பா சொன்னார், என் வீட்டுக்காரர்கூட தயங்கித் தயங்கிச் சொன்னார். எடுக்க மாட்டேன். அதில் நான் யார் பெயரையும் எழுதவில்லை, எந்த மண்டபம் என்று எழுதவில்லை, எவ்வளவு செலவு என்று கேட்கவில்லை. முதல் பிறந்தநாள் விழாவில் ஒரு வயதுக் குழந்தை முக்கால் மணி நேரம் மேடையில் அழுதது, ஒருத்தரும் நிறுத்தவில்லை என்று மட்டும்தான் எழுதினேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். குழந்தை அழுதால் கேக்கை நிறுத்துங்கள்.

பத்திரிகையில் ஆறரை மணி என்று போட்டிருந்தது. கேக் வெட்டியபோது எட்டு ஐம்பது. வரவேண்டிய பெரிய மனிதர் ஒருவர் வரவில்லை, அவருக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் குழந்தை தினமும் ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடும், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தூக்கம் சொக்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி, கோட்டு மாட்டி, கழுத்தில் போ டை கட்டி, பொம்மை காரில் உட்காரவைத்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, புகை விட்டு, இரண்டு பக்கமும் மத்தாப்பு மாதிரி எரியவிட்டு, டிரம்ஸ் அடித்துக்கொண்டு கூட்டிவந்தார்கள். பெரியவளான எனக்கே திக்கென்று இருந்தது. மேடையில் ஏற்றியதும் அழ ஆரம்பித்தவன்தான். பத்துப் பேர் கை மாறினான், ஒவ்வொருத்தர் தோளிலிருந்தும் பின்னால் வளைந்து நெளிந்து வழுக்கி இறங்கப் பார்த்தான். அப்புறம் கோட்டைக் கழற்றியபோது பார்த்தேன், முதுகு முழுக்க வேர்க்குரு, காலர் பட்ட இடத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, 'வேற்றுமுகம் பார்க்கிறான்' என்பார்கள். எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கும், ஒன்றரை வயதுக்கும் மேல்கூட இருக்கும். தெரியாத முகத்தைப் பார்த்தால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்கிற வயது. குழந்தை மருத்துவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், இது வளர்ச்சியில் ஒரு படி, பழக்கக் கோளாறு ஒன்றுமில்லை. அதாவது ஒரு மனுஷ ஜென்மம் அந்நிய முகத்துக்கு ரொம்பவும் பயப்படுகிற காலத்தின் நடுவில்தான் முதல் பிறந்தநாள் வருகிறது. அன்றைக்குப் பார்த்து நாம் நானூறு அந்நிய முகங்களைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்துகிறோம். அழாமல் என்ன செய்யும்?

என் பதிவுக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன். முதலில் வந்தது 'பொறாமை'. சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொறாமைக்காரி சொன்னாள் என்பதற்காகக் குழந்தை அழவில்லை என்று ஆகிவிடுமா?

அடுத்தது, 'உன் மகளுக்கு நீ மட்டும் மண்டபம் பிடிக்கவில்லையா?' பிடித்தேன். 2018 மே மாதம். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்த மண்டபத்தைப் பிடித்தோம், அதை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அந்த வீடியோ இன்னும் வீட்டில் இருக்கிறது. என் மகள் அதில் முக்கால்வாசி நேரம் அழுகிறாள், மீதி நேரம் என் தோளில் தூங்குகிறாள், நான் தூங்குகிற பிள்ளையின் கையைப் பிடித்துக் கத்தியை வைத்துக் கேக்கை வெட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். போன வருஷம் அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நான் அழுதுட்டு இருக்கேன், நீ சிரிச்சிட்டு இருக்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. செய்தவள் என்பதால்தான் சொல்கிறேன், வேறு யார் சொல்வது?

அவளுக்கு ஞாபகம் இருக்கிற பிறந்தநாள் எது தெரியுமா? 2020 மே. ஊரடங்கு. பேக்கரி இல்லை, பலூன் இல்லை, சொந்தக்காரர் இல்லை. நான், அவர், மகள், மாமியார், நான்கே பேர். போர்பன் பிஸ்கட்டைப் பொடித்துப் பாலும் ஈனோவும் கலந்து குக்கரில் வைத்து ஒரு கேக் செய்தேன், நடுவில் குழி விழுந்துவிட்டது. மெழுகுவர்த்திக்குக் கரண்ட் போனால் ஏற்றுகிற தடிமனான வெள்ளை மெழுகுவர்த்திதான் இருந்தது, அதை இரண்டாக உடைத்துக் குழியில் நட்டு வைத்தோம். மாமியார் கை தட்டினார். ஊதி அணைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்ப எனக்கு மூணு ஆயிடுச்சா?" என்றாள். ஆகிவிட்டது என்றதும் ஓடிப்போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், உயரம் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இந்த வயதுக் குழந்தைகள் நிறையப் பேர் பிறந்தநாள் விழா நடந்தால்தான் வயது ஏறும் என்று நம்புகிறார்களாம், அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தவர்கள் எழுதியிருந்ததைப் பிற்பாடு படித்தேன். படித்தபோது அந்தக் கதவு ஞாபகம்தான் வந்தது. பிள்ளைக்குப் புரிகிற வயதில், பிள்ளைக்குத் தெரிந்த நான்கு முகங்களோடு கொண்டாடினால் அது எங்கேயோ தங்கிவிடுகிறது. அவளுக்கு இப்போது விவரம் தெரிந்த வயது, இன்னமும் வருஷா வருஷம் குக்கர் கேக்தான் கேட்கிறாள்.

இந்த இடத்தில் எனக்கு ஆதரவாக வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'கேக் வெட்டுவதே நம் பண்பாடு இல்லை, விளக்கை ஊதி அணைப்பது அபசகுனம்' என்று பத்துப் பேர் வந்து எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. கேக் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு வயதுப் பிள்ளை வாயில் கிரீமை அள்ளித் திணிக்காதீர்கள் என்று வேண்டுமானால் சொல்வேன், இரண்டு வயதுக்குள் சர்க்கரை அதிகம் சேர்த்த பண்டம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மற்றபடி கேக்கோடு எனக்குச் சண்டை இல்லை. காதுகுத்து என்ற பெயரில் மைக் செட் அலற, பசியில் கதறுகிற குழந்தையை மாமன் மடியில் அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மொய் விஷயம் சொன்னவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறோம், ஒரு விசேஷம் வைத்தால்தான் திரும்பி வரும். புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள், கறி விருந்து போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, வந்த பணத்தில் கடன் அடைப்பார்கள், தொழில் தொடங்குவார்கள். வட்டியில்லாக் கடன் அது, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதற்குக் குழந்தை எதற்கு மேடையில்? பந்தி நடக்கட்டும், நோட்டுப் புத்தகம் நடக்கட்டும், குழந்தை மாடி அறையில் தூங்கட்டும்.

இனி, எனக்கு வலித்த கேள்விக்கு வருகிறேன். 'ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து பெற்ற பிள்ளை, அவர்கள் கொண்டாடாமல் யார் கொண்டாடுவது? கூடப் பிறந்தவளே இப்படி எழுதலாமா?'

யார் வீட்டு விசேஷம் என்று எல்லாருக்கும்தான் தெரிந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது. என் தம்பி பிள்ளைதான். அந்த ஆறு வருஷத்தில் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊசி போடப் போனவள் நான். இரண்டு முறை கருத் தங்காமல் போனபோது அவள் என் வீட்டில்தான் பத்து நாள் படுத்திருந்தாள். அந்தப் பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு தெரியாதவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவளும் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தாள். "அஞ்சே நிமிஷம் மேடம்" என்று திருப்பி ஏற்றிவிட்டார்கள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போய் நின்றாள். அப்படித் தவம் கிடந்து பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்கு படி இறங்க ஒரு தாய்க்கு இன்னொருத்தர் அனுமதி தர வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வருஷம் முடிவதை நம் ஆட்கள் ஆண்டு நிறைவு என்று ஏன் அவ்வளவு பெரிதாக வைத்தார்கள்? 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்குப்படி 28, தமிழ்நாட்டில் 13. என் அப்பத்தா எட்டுப் பெற்று ஐந்தை வளர்த்தவர். மூன்றாவதும் போனபிறகு பிறந்த பெரியப்பாவுக்குப் பிச்சை என்று பெயர் வைத்தார்களாம், அப்படிப் பெயர் வைத்தால் எமன் கண்ணில் படாது என்று. ஒரு வருஷம் தாண்டியதும் மொட்டை போட்டு முடியைக் குலதெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு, 'பிள்ளை தங்கிவிட்டது' என்று பெருமூச்சு விட்ட நாள் அது. பிள்ளை கண்ணேறு படாமல் இருக்க வேண்டும் என்று முந்தானைக்குள் மூடி மூடி வைத்தவர்கள் அவர்கள். அந்த நாளையா நாம் இப்படி ஆக்கியிருக்கிறோம்?

என் அம்மாவும் அப்படி மூடி வைத்து வளர்க்கிறவர்தான். தம்பி மனைவி வேலைக்குத் திரும்பியதிலிருந்து அந்தப் பிள்ளை அம்மா இடுப்பில்தான் இருக்கிறது. குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, பருப்புச் சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் அம்மாதான். அப்பத்தா என்று சொல்ல வராமல் 'த்தா, த்தா' என்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் மேடையிலிருந்து கையை நீட்டி நீட்டி அழுதது 'த்தா' என்றுதான். அம்மா மேடைக்குக் கீழே படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தாங்காமல் இரண்டு படி ஏறினார். வீட்டு ஆட்கள் எல்லாம் ஒரே நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று தைத்துக் கொடுத்திருந்தார்கள், அம்மாவுக்கும் கொடுத்தார்கள், ஆனால் அவர் பேரன் பிறந்த அன்று உடுத்தியிருந்த அரக்குச் சுங்குடிச் சேலையைத்தான் உடுத்தி வந்திருந்தார், ராசி என்று. வீடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்தப் பாட்டியம்மாவைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க, பிரேம்ல வர்றாங்க."

அம்மா இறங்கிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இதை ஞாயிற்றுக்கிழமை நான் எழுதவில்லை. குழந்தை அழுததை மட்டும் எழுதினேன். அம்மா எழுத வேண்டாம் என்றார், இப்போதும் சொன்னால் கோபப்படுவார். ஆனால் மூன்று நாளாக எனக்குப் பொறாமை, திமிர், கூடப் பிறந்தவனின் சந்தோஷம் பொறுக்காதவள் என்று கேட்டுக் கேட்டு, இனி முடியாது. எட்டு ஐம்பதுக்குக் கேக்கை வெட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் பிள்ளையை யாரிடம் கொடுத்தீர்கள்? தூணுக்குப் பின்னால் நின்றவரிடம்தானே? கொடுத்த இரண்டாவது நிமிஷம் தூங்கினானா இல்லையா?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ கெட்டவன் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் உனக்குப் பயம் வந்துவிட்டது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று, எனக்கும் 2018இல் அதே பயம்தான். நீ என்னிடம் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. திட்டவாவது போன் பண்ணு.

தேதிப்படி இன்றைக்குத்தான் அவனுக்கு ஒரு வயது முடிகிறது, மண்டபம் ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததால் முன்னாலேயே வைத்தார்கள். நட்சத்திரப் பிறந்தநாள் வருகிற வெள்ளிக்கிழமை. அம்மா அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலும் உளுந்து வடையும் செய்து பெருமாள் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை வைக்கப் போகிறார். நான் வியாழன் ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். யார் என்னுடன் பேசினாலும் பேசாவிட்டாலும் போவேன்.

ஒரு உதவி கேட்கிறேன். நேற்று ஆல்பத்துக்கான படங்கள் குரூப்பில் வந்தன, முந்நூற்றுச் சொச்சம் இருக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டேன். அம்மா ஒரே ஒரு படத்தில் இருக்கிறார், அதுவும் அந்தச் சேலையின் கரையும் ஒரு கையும்தான். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்திருந்த யாராவது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து இருக்கிற மாதிரி உங்கள் போனில் ஒரு படம் எடுத்திருந்தால், ஆடியிருந்தாலும் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.