தாமஸ் கிரஹாம்: காதல் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்

லார்ட் லின்டாக் என்ற பிரிட்டிஷ் தளபதி தாமஸ் கிரஹாமைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் மனைவி மேரியோடு நின்றுவிடுகிறார்கள். உருக்கமான கதைதான். கெய்ன்ஸ்பரோ ஓவியமாக வரைந்த அந்தப் பெண் 1792இல் பிரான்ஸின் தென்கரை அருகே இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுபோகும் வழியில், துலூஸ் பக்கத்தில், புரட்சிக் காவலர்கள் சவப்பெட்டியை உடைத்தார்கள். ஸ்காட்லாந்தில் பெர்த்ஷர் ஜமீன்தாராக இருந்த கிரஹாம் அடுத்த ஆண்டே பிரான்ஸுக்கு எதிரான போருக்குக் கிளம்பிவிட்டார். 1794இல் 90ஆம் ரெஜிமென்ட்டைத் திரட்டினார். அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனாலும் 1809 வரை ராணுவத்தில் அவருக்கு நிரந்தரப் பதவி இல்லை. ஸ்பெயினின் கொருன்னா போரில் இறந்த பிரிட்டிஷ் தளபதி சர் ஜான் மூரின் கடைசி விருப்பத்தை மதித்துத்தான் அதைக் கொடுத்தார்கள்.

அந்த மனிதர் யார் என்று தெரிய வேண்டுமானால் 1813இல், பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்த வட ஸ்பெயின் ஊரான சான் செபாஸ்தியனை மீட்க அவர் நடத்திய முற்றுகையைப் படிக்க வேண்டும்.

ஊரின் கிழக்குச் சுவரை ஒட்டி உருமேயா ஆறு. கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே சுவரோரம் நடக்க முடியும். ஜூலை 25 தாக்குதல் விடியும் முன்பே தொடங்கியது. வழுக்கும் பாறைகள்மேல் வீரர்கள் நீண்ட வரிசையாகப் போனார்கள், உடைந்த சுவருக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் சிலரே. அந்த இருட்டில் எங்கே சுடுவது என்று பீரங்கிக்காரர்களுக்கும் தெரியவில்லை. தோல்வி.

ஆகஸ்ட் 31இல் பட்டப்பகலில், பதினொரு மணி வாக்கில், கடல் வற்றியதும் இறங்கினார்கள். சுவர் உடைந்த இடம்வரை ஏறினார்கள். அதற்கு மேல் நகர முடியவில்லை. கிரஹாம் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது. அக்கரை மணல்மேட்டுப் பீரங்கிகளை, தன் ஆட்களின் தலைக்கு மேலாக உள்மதில்மேல் சுடச் சொன்னார். குறி கொஞ்சம் தாழ்ந்திருந்தால் சொந்தப் படையே செத்திருக்கும். குண்டுகள் சரியாக விழுந்தன. மதிலுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் குவித்திருந்த வெடிமருந்து தீப்பிடித்து வெடித்தது. வழி திறந்தது.

அன்று அவர் பார்வையில் இருந்த துல்லியத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அன்று மாலையே அதே படை ஊரைச் சூறையாடியது, பெண்களைச் சீரழித்தது. அதிகாரிகள் பலர் விழுந்துவிட்டார்கள், கட்டுப்படுத்த ஆளில்லை. சில நாள் எரிந்த தீயில் ஏறத்தாழ ஊர் முழுக்கச் சாம்பலானது, தப்பியது கிட்டத்தட்ட ஒரே தெரு. அதன் பெயர் இன்றும் ஆகஸ்ட் 31 தெரு. அது எதிரியின் ஊரும் அல்ல, கூட்டாளியான ஸ்பெயினின் ஊர். தலைமைத் தளபதி வெலிங்டனும் கிரஹாமும் பழியை பிரெஞ்சுக்காரர்கள்மேல் போட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. சுவரை உடைக்க அத்தனை நுணுக்கமாகத் திட்டம் போட்டவருக்கு, உள்ளே போனபின் மக்களைக் காக்க ஒழுங்கான ஒரு படையை நிறுத்துவதும் கடமைதான்.