வழி தானா அடைச்சிக்கிச்சா?

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்கு நடக்கிற தூரத்தில் என்னுடைய டைப்பிங் கடை. திங்கட்கிழமை மனு நாள், அதனால் காலையிலேயே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். போன வாரம் அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். அவர் கழனிக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துக் கழனிக்காரன் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டானாம். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினேன்: "எனது நிலத்திற்குச் செல்லும் பாதை முட்களால் அடைக்கப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கப்படுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, வழி தானா அடைச்சிக்கிச்சா? அவன் பேரு எங்க?"

இத்தனை வருஷமாக மனு தட்டுகிறேன், இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பக்கத்தில் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். 'ராமா கில்டு ராவணா' என்று போர்டில் எழுதுவார்கள், நாங்கள் அதை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று புரட்டிப் போட வேண்டும். ஐந்து மார்க் நிச்சயம். ஆனால் அந்தப் புரட்டலில் இருக்கும் சூட்சுமத்தை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வாக்கியத்தில் ராமனைத் தூக்கினால் வாக்கியமே விழுந்துவிடும். இரண்டாவதில் 'பை ராமா'வை வெட்டி எறிந்தாலும் அது ஜம்மென்று நிற்கும். ராவணன் செத்தது செத்ததுதான், கொன்றவன் காணாமல் போய்விடுவான். 1987இல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்ட அமெரிக்க அதிபர் ரீகன், நாடாளுமன்றத்தில் சொன்னதும் இந்த வகைதான்: பெரிய தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தார்கள்? அந்த வாக்கியத்தில் அதற்கு இடமே இல்லை.

தமிழிலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாமே என்பீர்கள். பேசலாம். ஆனால் 'அடைத்தான்' என்று சொன்னால் அந்த வினையின் வாலிலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஆணா, பெண்ணா, ஒருத்தனா, பல பேரா என்பதுவரை தெரிந்துவிடும். 'அடைக்கப்பட்டது' என்றதும் அந்த வால் பாதைக்குப் போய்விடுகிறது. பாட்டிக்கு உறுத்தியது அதுதான்.

சரி, பேச்சில் நாம் என்ன செய்கிறோம்? 'நான் ஆசிரியரால் திட்டப்பட்டேன்' என்று காட்பாடி ஸ்டேஷனில் நின்று யாராவது சொல்லிப் பாருங்கள், கூட்டம் கூடிவிடும். திட்டு வாங்கினேன், அடி வாங்கினான், ஏமாந்துட்டேன், மாட்டிகினான். ஆள் யாரென்று தெரியாவிட்டால் 'பூட்டிட்டாங்க', 'தூக்கிட்டாங்க'. அந்த 'ஆங்க'வில் முகம் தெரியாத நாலு பேராவது நிற்கிறார்கள். 'ஆல்' பேச்சில் வந்தாலும் அதன் வேலை வேறு. 'என்னால முடியாது' என்றால் சக்தி, 'உன்னாலதான் பஸ் போச்சு' என்றால் பழி. செய்தவனைச் சும்மா அடையாளம் காட்ட அதை யாரும் கூப்பிடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலீஷ் வினையை வாங்கும்போதுகூட அதன் பாசிவை நாம் வாங்கவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். 'அட்மிட் பண்ணிட்டாங்க', 'அட்மிட் ஆயிட்டார்'. 'டிஸ்சார்ஜ் பண்றாங்க', 'டிஸ்சார்ஜ் ஆயிட்டார்'. பண்ணு என்றால் செய்கிற பக்கம், ஆகு என்றால் நடக்கிற பக்கம். சஸ்பெண்ட், டிரான்ஸ்ஃபர், பில் பாஸ் எல்லாம் இந்த இரண்டு கொக்கியில்தான் தொங்குகின்றன. எந்த இலக்கண வாத்தியாரும் போட்டுக் கொடுத்ததில்லை, ஜனங்களே போட்டுக்கொண்டது.

இதைச் சொன்னபோது என் நண்பர், தமிழாசிரியர், சண்டைக்கு வந்தார். 'படு' என்ன வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா, 'வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்' என்று ஐம்பதாவது குறளிலேயே இருக்கிறதே என்றார். வாஸ்தவம். தொல்காப்பியம்கூட, செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்கில் உண்டு என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளுமா? பாட்டி இருந்திருந்தால் அவர்களையும் கேட்டிருப்பார். ஆகவே 'படு' நம்முடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அதைப் போட்டு ஆளை மறைக்கிற ஆபீஸ் நடைதான் இங்கிலீஷ் ஃபைல்களிலிருந்து வந்தது என்பது என் கட்சி. ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கே ஒரு பதில் வந்தது: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது.' யாரைப் போய்க் கேட்பது?

நம்ம ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளர்ந்த நாள். 'நெற்றிக் குறி தடை செய்யப்பட்டது, புதிய தலைப்பாகை புகுத்தப்பட்டது, சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். தடை போட்டது மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி கிரடாக். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பறந்து வந்தது கில்லெஸ்பி. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுடவைத்ததும் அவன்தான். 'கொல்லப்பட்டனர்' என்று படித்தபோது எனக்குத் துப்பாக்கியே தெரியவில்லை. 'கில்லெஸ்பி சுடவைத்தான்' என்று பின்னாளில் படித்தபோதுதான் அந்தச் சுவர் கண்ணில் பட்டது.

பாலாறும் அப்படித்தான். 'பாலாறு மாசடைந்தது', 'பாலாறு மாசுபட்டது' என்று எழுதிக்கொண்டே இருக்கலாம், ஆறு தானே போய்த் தோல் கழிவில் குளித்த மாதிரி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அடித்தளமாக வைத்த கொள்கைகளில் ஒன்று, மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்பது. அந்த வாக்கியத்துக்கு ஆள் இல்லாமல் தீராது, பாருங்கள். ஆள் இருந்ததால்தான் தோல் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று உத்தரவும் போட முடிந்தது.

என் கடை வாசலில் 'இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும், மனு எழுதித் தரப்படும்' என்று போர்டு தொங்குகிறது. அதைக் கழற்றப்போவதில்லை. ஜெராக்ஸ் யார் எடுத்தால் என்ன? வீடு வாடகைக்கு விடப்படும், மாவு அரைத்துத் தரப்படும், இதெல்லாம் யாரையும் ஏமாற்றுகிற பாசிவ் அல்ல. தெருவுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

பாட்டிக்கு மறுபடி தட்டினேன். பக்கத்து நிலத்துக்காரர் பெயர், அவர் அப்பா பெயர், சர்வே நம்பர், எல்லாம் போட்டு, 'எனது நிலத்திற்குச் செல்லும் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்' என்று படித்தேன். பாட்டி தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசி எழுத்தில் நிறுத்தினார்.

"அடைச்சிட்டாரா? அவனுக்கு இன்னாத்துக்கு மரியாத?"

கலெக்டர் பார்க்கிற மனு, 'ன்' போடக் கூடாது பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி, கலெக்டருக்காக வுட்டுத் தரேன்" என்று கட்டை விரலை நீட்டினார். மைப் பெட்டியைத் திறந்து வைத்தேன்.