லெக்சஸ் ஜிஎக்ஸ் 470: செயின் அல்ல, பெல்ட்

"பழைய லெக்சஸ் ஜிஎக்ஸ் 470 எஸ்யூவியில் டைமிங் செயின்தான், அதைத் தொடவே வேண்டாம், மிச்சமாகும் பணத்தில் வண்டியை உயர்த்தும் லிஃப்டும் பெரிய டயரும் போடுங்கள்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். இது தவறு, நம்பிவிடாதீர்கள்.

எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் இந்தச் செயின் இருப்பது அடுத்து வந்த ஜிஎக்ஸ் 460-ல். 470-ல் உள்ள 4.7 லிட்டர் வி8 எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது ரப்பர் பெல்ட்; அது அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 90,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1,45,000 கிலோமீட்டரில், மாற்ற வேண்டும். 2009 மாடலோடு 470 நின்றுவிட்டது. மைல் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

நான் வாங்கிய 2006 வண்டியில் லிஃப்ட், இரும்பு பம்பர், மேலே கூடாரம் எல்லாம் இருந்தது. பெல்ட் மாற்றியதற்கு ஒரு ரசீதுகூட இல்லை. மூடியைக் கழற்றினால் பெல்ட்டின் முதுகில் மயிரிழை வெடிப்புகள், வாட்டர் பம்ப் ஓரத்தில் காய்ந்த கூலண்ட் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. அப்படியே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப் பாறைகளுக்குக் கிளம்பியிருந்தால்? போன் சிக்னல்கூட இல்லாத இடத்தில் நின்றிருப்பேன்.

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் தாங்கும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கூலியில் முடியும். அப்புறம் லிஃப்டைப் பற்றி யோசிக்கலாம். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அளவுக்கு மீறித் தூக்கினால் முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சிவி ஆக்ஸிலின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும்.