நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் கூடியபோது நான் திறந்த பழைய வெள்ளை ஒயினுக்கு நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்கள் பொறுத்திருந்தேன். ஆனால் அன்று உங்களில் ஒருவர் எடுத்துப் போட்ட புகைப்படமும், அதன் மேலே எழுதப்பட்ட 'பொன்னிற வினிகர்' என்ற சொற்களும், அதற்குக் கீழே விழும் சிரிப்புக் குறிகளும் இன்று காலை வரை ஓயவில்லை. படத்தில் இருப்பது நான் கொண்டுபோன பாட்டில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே சொல்லிவிடுகிறேன்: அந்த ஒயின் கெட்டுப்போகவில்லை. ஊற்றிய இரண்டாவது நிமிடத்தில், நிறத்தை மட்டும் பார்த்து, அது கெட்டுவிட்டது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள்.

அது கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், செயின்ட் ஹெலினா ஊருக்கு மேலே ஸ்பிரிங் மலையில் இருக்கும் ஸ்டோனி ஹில் திராட்சைத் தோட்டத்தின் 1997ஆம் ஆண்டு ஷார்டனே; அதே பெயருள்ள திராட்சையில் எடுக்கும் வெள்ளை ஒயின். பிரெட் மெக்கிரேயும் எலினார் மெக்கிரேயும் 1943இல் அந்த நிலத்தை வாங்கி, 1952இல் முதல் ஒயினை எடுத்தார்கள். கலிபோர்னியாவின் பெரும்பாலான ஷார்டனேக்களில், பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தை இரண்டாவது நொதித்தல் மூலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறவிடுவார்கள்; வெண்ணெய் மணம் வருவதும் அதனால்தான். ஸ்டோனி ஹில்லில் அதைத் தடுத்துவிடுவார்கள். மரத்தின் மணம் மேலோங்காமல் இருக்கப் பழைய பீப்பாய்களையே பயன்படுத்துவார்கள். அந்தப் புளிப்புதான் இத்தனை ஆண்டுகள் ஒயினைத் தாங்கி நிற்கிறது. வயதாகும்போது வெள்ளை ஒயினின் நிறம் அடர்ந்து பொன்னாவது இயல்பு. அது நோயல்ல.

பழைய தக்கை திருகாணிக்குத் தாங்காது என்பதால், இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானைத் தக்கையின் இருபுறமும் செருகி, மெல்ல மெல்லத் திருப்பி எடுத்தேன். கீழ்நுனி மட்டும் சற்றே உதிர்ந்தது. அதில் பளிங்குபோல ஒட்டியிருந்த துகள்களைப் பார்த்து ஒருவர் கண்ணாடித்தூள் என்று பதறினார். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நாம் நாள்தோறும் கரைக்கும் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஒரு கோப்பை சிங்க்கில் கவிழ்க்கப்பட்டுவிட்டது. அதைப் பார்த்து மேலும் இருவர் தங்கள் கோப்பைகளைத் தள்ளிவைத்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த ஒயின் காற்றை அறிய நேரம் வேண்டாமா? முதலில் நனைந்த தீக்குச்சி மணம்தான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. நாற்பது நிமிடங்கள் கழித்து, குளிர்ச்சி சற்றே தணிந்தபோது, அதே கோப்பையில் வறுத்த பாதாமும் தேனும் காய்ந்த நார்த்தங்காய்த் தோலும் மணந்தன. விழுங்கிய பின்னும் நாக்கின் ஓரங்களில் புளிப்பு நின்றது. வினிகரில் இது வருமா?

'கலிபோர்னியா வெள்ளை ஒயின் இளமையிலேயே குடிக்க வேண்டியது, வைத்திருந்தது உன் தவறு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு அது உண்மை. எல்லாவற்றுக்கும் உண்மை என்று யார் சொன்னது? 1976 மே 24 அன்று பாரிசில் பெயர்ச்சீட்டை மறைத்து ருசித்த பிரெஞ்சு நடுவர்களின் மதிப்பெண்களில், கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலீனா தோட்டத்தின் 1973 ஷார்டனே, பிரெஞ்சு ஒயின்களையும் முந்தி வெள்ளை ஒயின்களில் முதலிடம் பெற்றது. முதல் நான்கில் மூன்று கலிபோர்னியாவினுடையவை. ருசிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டால் நாக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. சனிக்கிழமை இரவுக்கும் அதுதான் கேள்வி.

'குடியைக் கொண்டாடுகிறாயா' என்றும் கேட்கிறார்கள். என் பெரியப்பாவைக் குடியால் இழந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்த வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஒரே பாட்டில், ஆளுக்கு 150 மில்லி. அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

எனக்கு வலித்தது ஒயினுக்காக மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டில் அந்த மலைப்பாதையில் ஏறிப்போய் அதை வாங்கியபோது, பாதிப் பணம் கொடுத்தவன் அன்றைய என் அறைத்தோழன். எங்கள் இருவருக்கும் அப்போது அது பெரிய தொகை. பிறகு அவன் கோவைக்கே திரும்பிவிட்டான். நான் நான்கு வீடுகள் மாறியபோதும் அந்தப் பாட்டிலைச் சரக்கு வண்டியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வெயில் படாத அலமாரியிலும், பின்னர் 13 டிகிரியில் வைக்கும் சிறு குளிர்பெட்டியிலும் காத்துவந்தேன். நல்ல நண்பர்களோடு திறக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலம் தள்ளிப்போட்டேன். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். என் கண் முன்னால் கொட்டிவிட்டு அதைப் படம் எடுத்துப் போடுவது என்ன நட்பு? நீங்கள் உங்கள் வீட்டில் எனக்குப் பரிமாறிய எதையாவது நான் என்றாவது கொட்டியிருக்கிறேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை கோவைக்குத் தொலைபேசியில் பேசினேன். எப்படி இருந்தது என்று அவன் கேட்டான். முதல் நிமிடத்தையும் நாற்பதாவது நிமிடத்தையும் சொன்னேன். நார்த்தங்காய் என்றதும் சிரித்தான். எத்தனை பேர் குடித்தீர்கள் என்று கேட்டான். ஐந்து பேர் உட்கார்ந்தோம், கடைசிவரை காத்திருந்து குடித்தது இரண்டு பேர் என்றேன். அந்த இரண்டாவது நபருக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொன்னான். அவர் இதைப் படிப்பார் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.